அசோக சாசனங்கள்

மௌரிய சக்கரவர்த்தியான அசோகர், ஏறத்தாழக் கி.மு. 268 முதல் 232 வரை நடத்திய ஆட்சியில், தம் பிரஜைகளும் அதிகாரிகளும் அறிந்து ஒழுக வேண்டும் என்று கருதியவற்றைப் பாறைகளிலும், மெருகிட்ட கல் தூண்களிலும் பொறித்து வைத்த ஆணைகள் அசோக சாசனங்கள் எனப்படும். வடமேற்கே காந்தஹார் முதல் தெற்கே கர்நாடகத்துப் பிரம்மகிரி வரையிலும், மேற்கே கத்தியவாரின் கிர்நார் முதல் கிழக்கே கலிங்கத்துத் தௌலி, ஜௌகடா வரையிலும் பரவிக் கிடக்கும் இவை, இந்திய சரித்திரத்தில் ஓர் அரசன் தானே தன் மனத்தைத் திறந்து பேசுவதாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வாசகங்களாகும். பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் சிரியா, எகிப்து, மாசிடோனியா முதலிய தேசங்களின் யவன அரசர் ஐவர் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பதால், இவற்றின் காலத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ முடிகிறது.

பெரும்பாறைச் சாசனங்கள் பதினான்கு. தூண் சாசனங்கள் ஏழு. இவையன்றிச் சிறுபாறைச் சாசனங்கள் பலவும் உண்டு. மொழி பெரும்பாலும் அந்தந்தப் பிரதேசத்துக்கு இசைந்த பிராகிருதம்; எழுத்து பிராமி. மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதே நோக்கமாதலால், ஷாபாஸ்கர்ஹி, மான்சேரா ஆகிய இடங்களில் வலமிருந்து இடமாக எழுதும் கரோஷ்டியும், காந்தஹாரில் கிரேக்கமும் அரமாயிக்கும் கையாளப்பட்டன. பிரம்மகிரிச் சாசனத்தை எழுதிய சபடன் என்னும் லிபிகாரன், வாசகம் முழுவதையும் பிராமியில் எழுதிவிட்டுத் தன் தொழிற்பெயரை மட்டும் கரோஷ்டியில் வரைந்திருப்பது, வடமேற்கிலே பயின்ற எழுத்தாளர்கள் தக்காணம் வரை ராஜ காரியமாகச் சென்றிருக்கக் கூடும் என்பதைக் காட்டுகிறது.

இச்சாசனங்களின் உயிர்நிலை என்று சொல்லத் தக்கது பதின்மூன்றாவது. பட்டாபிஷேகமாகி எட்டாண்டுகள் கழிந்தபின் கலிங்கத்தை வென்றதையும், அப்போரில் 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டு, 1,00,000 பேர் கொல்லப்பட்டு, அதனினும் பன்மடங்கினர் மடிந்ததையும், அந்தணரும் சிரமணரும் இல்லறத்தாரும் பட்ட துயரம் தமக்குப் பெரும் மனத்தாபமாக இருப்பதையும், வென்ற அரசனே தன் வாயால் கூறுகிறான். வெற்றியைப் பாடுவதற்கே கல்லைத் தேடிய மன்னர் பலருள் வெற்றிக்காக வருந்தி எழுதிய ஒருவனாக அவன் தனித்து நிற்பது உண்மை. ஆயினும், நாடு கடத்தப்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை என்பதையும், தாம் வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தம்மிடம் உண்டு என்று காட்டுவாசிகளுக்கு அதே சாசனத்தில் எச்சரிக்கை விடுத்திருப்பதையும் நேர்மையான வாசகன் மறத்தலாகாது. துயரத்தை அனுபவித்த கலிங்க நாட்டில் இச்சாசனம் பொறிக்கப்படவே இல்லை. தௌலியிலும் ஜௌகடாவிலும் அதற்குப் பதிலாக, எல்லா மனிதரும் தம் மக்களே என்றும், நியாயமின்றி எவரையும் சிறையிலிட்டு வதைக்கலாகாது என்றும் அதிகாரிகளுக்கு இட்ட தனிக் கட்டளைகள் உள்ளன.

மற்றவற்றில் அன்றாட வாழ்வின் சாயல் மிகுதி. முன்பு அரண்மனை மடைப்பள்ளியில் நாள்தோறும் எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்போது இரண்டு மயிலும் ஒரு மானுமே கொல்லப்படுகின்றன, அந்த மானும் எந்நாளும் அன்று என்றும், இனி அவையும் நின்றுவிடும் என்றும் முதற் சாசனம் சொல்கிறது. ஒரே நாளில் புண்ணியவானாகிவிட்டதாகக் கூறிக்கொள்ளாத இந்த உண்மைதான் அவ்வாசகங்களின் மீது நம்பிக்கையை ஊட்டுகிறது. உணவருந்தும்போதாயினும் அந்தப்புரத்தில் இருக்கும்போதாயினும் பிரஜைகளின் காரியத்தைத் தம்மிடம் தெரிவிக்கலாம் என்கிறது ஆறாவது. தன் மதத்தைப் புகழப் பிறர் மதத்தை இகழ்பவன் தன் மதத்துக்கே கேடு செய்கிறான் என்கிறது பன்னிரண்டாவது.

இவ்வளவு விரும்பி எழுதியவை காலப்போக்கில் வாசிப்பாரற்றுப் போயின. கி.பி. 150 அளவில் கிர்நார்ப் பாறையிலேயே ருத்ரதாமன் பொறித்த சாசனம், சுதர்சன ஏரியைப் பற்றிக் கூறுகையில் மௌரிய அசோகரைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. பிற்காலத்தில் எழுத்து உருமாறி மாறிப் பழைய வடிவம் எவருக்கும் தெரியாததாயிற்று. 14ஆம் நூற்றாண்டில் டில்லி சுல்தான் பிரூஸ் ஷா துக்ளக், தோப்ராவில் நின்ற தூணைப் பஞ்சு மெத்தையின் மேல் சாய்த்து, நாணலாலும் தோலாலும் சுற்றி, 42 சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளை இணைத்து டில்லிக்குக் கொணர்ந்து நிறுவினார். அதன் வாசகத்தைச் சொல்லக்கூடிய பண்டிதர் ஒருவரும் அன்று அகப்படவில்லை. அலகாபாத்துத் தூணிலோ, அசோகரின் ஆணைகளோடு சமுத்திரகுப்தரின் திக்விஜயப் புகழுரையும், ஜஹாங்கீரின் வம்சாவளியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

அம்மௌனம் கலைந்தது 1837இல். கல்கத்தா நாணயச் சாலையில் உலோகங்களுக்கு மாற்றுப் பார்க்கும் அதிகாரியும், வங்காள ஆசியச் சங்கத்தின் காரியதரிசியுமான ஜேம்ஸ் பிரின்ஸெப், சாஞ்சி ஸ்தூபத்தின் கல்லழிகளில் காணப்பட்ட சிறு வாசகங்கள் பல ஒரே இரண்டு எழுத்துக்களில் முடிவதைக் கண்டு, பக்தர்கள் அளித்த கொடைகளை அவை குறிக்க வேண்டும் என ஊகித்து, அவ்வெழுத்துக்களைத் ‘தானம்’ என்று படித்தார். அதிலிருந்து பிராமி எழுத்துக்கள் விரைவில் புலனாக, கமலாகாந்த வித்யாலங்காரர் போன்ற பண்டிதர்களின் துணையுடன் டில்லித் தூணும் வாசிக்கப்பட்டது. ஆனால் ‘தேவானாம்பிரிய பிரியதர்சி’ என்று மட்டுமே தன்னைச் சொல்லிக்கொண்ட அரசன் யார்? இலங்கை மன்னன் ஒருவனாக இருக்கலாம் என்றே பிரின்ஸெப் முதலில் எண்ணினார். இலங்கையில் அதிகாரியாக இருந்து மகாவம்சத்தை மொழிபெயர்த்த ஜார்ஜ் டர்னர், சந்திரகுப்தரின் பேரனும் பிந்துசாரரின் மகனுமான அசோகருக்குப் பியதஸ்ஸி என்ற பெயரும் உண்டு என்பதைத் தீபவம்சத்திலிருந்து எடுத்துக் காட்டினார். பௌத்த பிக்குகள் ஓலையில் காத்துவந்த பரம்பரைச் செய்தி துணை நின்றிராவிடில், எழுத்தைப் படித்தும் எழுதியவனை அன்று அறிந்திருக்க மாட்டோம். ஓயாத உழைப்பால் உடல் நலிந்த பிரின்ஸெப், 1838இல் தாய்நாடு திரும்பி, 1840இல் தம் நாற்பதாம் வயதில் காலமானார்.

அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம் 1877இல் இச்சாசனங்களைத் தொகுத்து வெளியிட்டார்; சென்னை மாகாணத்தில் கல்வெட்டாய்வாளராக விளங்கிய ஹுல்ட்ஷ் 1925இல் திருந்திய பதிப்பைத் தந்தார். இடையில் 1915இல், ஹைதராபாத் ராஜ்யத்து மாஸ்கியில், தங்கச் சுரங்கப் பொறியாளர் ஒருவர் கண்ட சிறுபாறைச் சாசனத்தில் அசோகர் என்ற பெயரே காணப்பட, டர்னரின் முடிபு கல்லாலேயே உறுதியாயிற்று.

தமிழகம் அசோகரின் ராஜ்யத்துக்குள் அடங்கியதில்லை. இரண்டாம் பாறைச் சாசனம் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரை எல்லைக்கு அப்பாலுள்ளவராகவே குறித்து, அவர்கள் நாட்டிலும், தாமிரபர்ணியாகிய இலங்கையிலும், மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதாகக் கூறுகிறது. சத்தியபுத்திரர் யாவர் என்பது பற்றி அறிஞரிடையே நெடுங்காலம் நிகழ்ந்த விவாதம், திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டால் தெளிவடைந்தது. குகை உறைவிடம் ஒன்றைக் கொடையளித்த அதியமான் நெடுமான் அஞ்சியை, அது அந்தப் பட்டப் பெயராலேயே குறிப்பிடுகிறது.