உயரம் விளையும் காலம்

போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு கூடைப்பந்தைப் பற்றி எழுத முற்படுகிறவன், முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரியகுளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் நடத்திவரும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி அறுபது ஆட்டப்பருவங்களைக் கடந்துவிட்டது. பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவு சுழற்கோப்பைக்காக இந்தியக் கடற்படை, விமானப்படை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மின்வாரியம், கேரளக் காவல்துறை, தென்மேற்கு ரயில்வே என்று அணிகள் ஆண்டுதோறும் வந்து இறங்கும். மாம்பழக் காலத்தில், மின்னொளியில், வராகநதி ஓடும் அந்தச் சிற்றூரில் ஆறரை அடிக்கு மேற்பட்ட மனிதர்களை மக்கள் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

அண்ணாந்து பார்த்தார்கள் என்பதில்தான் இக்கட்டுரைக்கான கேள்வி இருக்கிறது. அந்த நெடியவர்கள் பெரும்பாலும் இப்பள்ளத்தாக்குக்கு விருந்தினர்களாகவே வந்தார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும், தூரத்திலிருந்து எறியும் குள்ளமான வேகக்காரர்களை நம் பள்ளிகளும் கல்லூரிகளும் எப்போதும் உருவாக்கியிருக்கின்றன. வளையத்தின் கீழே நிற்கிற ஆளுக்கு மட்டும் ஏன் இத்தனை பஞ்சம்? தமிழன் குள்ளம் என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் பதில் பாதிகூடச் சரியில்லை என்பது என் எண்ணம்.

விளையாட்டின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்காக இவ்விளையாட்டை வகுத்தார். கூடை தரையிலிருந்து பத்தடி உயரத்தில் மாட்டப்பட்டது. அதற்குப் பின் ஆட்டத்தில் மாறாத விதி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்தப் பத்தடி மட்டும் மாறவேயில்லை. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்று வெளிவந்த உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாகத்தான் தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் கூடைப்பந்துக் கம்பங்கள் நின்றன. அவர்கள் கற்பித்தது எல்லோருக்குமான உடற்பயிற்சி. ஒரு பையன் மட்டும் ஓரடி கூடுதலாக வளர்ந்துவிட்டால் அவனை என்ன செய்வது என்ற சிக்கல் அந்தக் கல்வியின் கவனத்தில் அப்போது இல்லை. இருந்திருக்கவும் முடியாது.

ஏனென்றால் அமெரிக்கர்களுக்கே அது அன்று விளங்கவில்லை. ஆறடி பத்தங்குல உயரமும் தடித்த மூக்குக் கண்ணாடியுமாக இருந்த ஜார்ஜ் மைக்கன், தட்டுத்தடுமாறுகிறவர் என்று நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் ரே மேயர் என்ற இளம் பயிற்சியாளர் அவரை ஏற்றுக்கொண்டார். கயிறு தாண்டவைத்தார், குத்துச்சண்டை பழக்கினார், கால்கள் ஒன்றோடொன்று சிக்காமலிருக்க நடனம்கூடக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். வளையத்துக்கு இருபுறமும் மாறி மாறி எறியும் ஒரு பயிற்சியை நாள்தோறும் செய்யவைத்தார். மைக்கன் பயிற்சி என்ற பெயரில் உலகெங்கும் பிள்ளைகள் இன்றும் செய்வது அதைத்தான். அப்படி வனையப்பட்ட மைக்கனும் அவரைப் போன்ற நெடியவர்களும் விதிகளையே மாற்றவைத்தார்கள். வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தடுப்பது 1944இல் கல்லூரி ஆட்டங்களில் விலக்கப்பட்டது. ஆறடி அகலமாக இருந்த கூடையடிப் பகுதியை 1951இல் என்.பி.ஏ. பன்னிரண்டடியாக அகட்டியது. நெடியவன் பிறந்துவிடலாம், நெடிய ஆட்டக்காரனைச் செய்துதான் எடுக்க வேண்டும் என்ற பாடம் உலகுக்கு அப்போதுதான் கிடைத்தது.

நம் மரபில் இதற்கு ஒரு பழைய படிமம் உண்டு. திருமாலுக்கு நெடியோன் என்றும் பெயர், குறளன் என்றும் பெயர். மூவுலகு அளந்தவன் முதலில் குள்ளனாகத்தான் வேள்விச் சாலைக்குள் வந்தான். புராணத்தில் குறளன் நெடியோனாக ஒரு கணம் போதும். பள்ளி மைதானத்தில் அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் பிடிக்கின்றன.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு பையன் திடீரென்று நெடுநெடுவென வளரத் தொடங்குகிறான். எலும்பு முந்திக்கொள்ள, தசை பின்தங்குகிறது. முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது. நேற்றுவரை எளிதாகப் பிடித்த பந்து இன்று கையில் பட்டு நழுவுகிறது. அந்த வயதில் அவனைவிட அரையடி குள்ளமான பையன் சிறந்த ஆட்டக்காரன். அடுத்த வாரம் மண்டலப் போட்டி இருக்கும்போது ஆசிரியர் யாரை இறக்குவார்? நெட்டைப் பையன் உட்கார்ந்து பார்ப்பான். இரண்டாண்டு உட்கார்ந்து பார்த்தபின் வருவதை நிறுத்திவிடுவான். இதில் ஆசிரியர்மேல் குற்றமில்லை. அவருடைய பணி இந்த ஆண்டுக் கோப்பையால் அளக்கப்படுகிறது.

மலைச்சரிவில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. போடி, தேவாரம், கம்பம் பக்கங்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப்புகள் மேலே ஏறுகின்றன. போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அப்படிப் போகிற ஒரு வீட்டில் பதினைந்து வயதில் ஆறடி தாண்டிய பையன் பார்வைக்கு ஆளாகிவிடுகிறான். குட்டையான அவன் வகுப்புத் தோழன் இன்னும் சிறுவன். இவனோ குழி தோண்டவும் மூட்டை தூக்கவும் தகுந்தவன். உயரம் அவனுக்கு வயதுக்கு முன்பே கூலி வாங்கித் தருகிறது. கூடைப்பந்து கேட்கும் அந்த ஏழெட்டு ஆண்டுகளை அவன் வீடு தரமுடியாது. அவற்றை வேறு யாராவது தந்தாக வேண்டும்.

யார் தந்தார்கள் என்று பார்த்தால் இந்தியக் கூடைப்பந்தின் வரலாறே வேறு வடிவில் தெரிகிறது. முதலில் தந்தது ராணுவம். 1967இல் அர்ஜுனா விருது பெற்ற குஷி ராம் அந்த வழியில் வந்தவர். சோறும் சீருடையும் சம்பளமும் கொடுத்து இளைஞனை வைத்துக்கொள்ளும் நிறுவனத்துக்குப் பொறுமை இயல்பாக அமைகிறது. ரயில்வே, காவல்துறை, வங்கிகள் எல்லாம் பின்னால் வந்தன. நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்கு அப்பால் கோட்டயம் மாவட்டத்தில் பிறந்த கீது அன்னா ஜோஸ் இதற்கு ஒளிமிக்க சான்று. ஆறடி இரண்டங்குலம் வளர்ந்த அவர் முதலில் கைப்பந்து ஆடியவர். கூடைப்பந்துக்கு மாற்றப்பட்டு, தென்னக ரயில்வேயில் பணி பெற்று, 2006இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கு ஆடச் சென்றார். 2011இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை அணிகளின் தேர்வு முகாம்களுக்கு அழைக்கப்பட்டார். 2014இல் அர்ஜுனா விருது பெற்றார். ஏலமலையின் மேற்குச் சரிவில் நடந்தது கிழக்குச் சரிவில் நடக்கக்கூடாதென்று இயற்கை விதி ஏதுமில்லை.

ஆனால் இந்தத் துறை அணிகளின் முறையில் ஒரு முடிச்சு இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பணியிடம் என்பது ஓய்வு வயது வரைக்குமான வேலை. அத்தகைய இடம் எப்போதாவதுதான் திறக்கிறது. அதை இன்னும் முதிராத ஒரு நெட்டைப் பையனுக்குக் கொடுத்து அவன் தேறாமல் போனால் அந்த இடம் முப்பதாண்டுகளுக்கு அடைபட்டுவிடும். எனவே மேலாளர்கள் வேறெங்கோ விளைந்து முதிர்ந்தவர்களையே எடுக்கிறார்கள். தமிழ்நாட்டு அணிக்குக் கூடையடியில் வலுச் சேர்த்தவர்களில் ஒருவரான ரிகின் பெத்தானி குஜராத்தில் பிறந்தவர். அரவிந்த் அண்ணாதுரை போன்ற ஒரு தமிழர் சென்டர் இடத்தில் இந்திய அணிவரை சென்றது பாராட்டத்தக்கது. ஆனால் அத்தகைய பெயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதிராதவர்களைத் தேடிப் போனது லூதியானா. 2000களின் தொடக்கத்தில் அங்கு அமைந்த கூடைப்பந்து அகாடமியை வளர்த்தவர் சங்கரன் சுப்பிரமணியன் என்ற தென்னாட்டுப் பெயர்கொண்ட பயிற்சியாளர்; 2013இல் மறைந்தார். கிராமங்களிலிருந்து நெடிய சிறுவர்களை அழைத்துவந்து, தங்கவைத்து, உணவிட்டு, ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்தார்கள். பல்லோ கே கிராமத்தின் விவசாயி மகன் சத்னம் சிங் அங்கு வந்தபோது பத்து வயதை ஒட்டிய சிறுவன். 2010இல் உதவித்தொகையுடன் அமெரிக்கா சென்று, ஏழடி இரண்டங்குலமாக வளர்ந்து, 2015இல் டாலஸ் மேவரிக்ஸ் அணியால் 52ஆவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். என்.பி.ஏ.வுக்குத் தேர்வான முதல் இந்தியர் அவர். எனினும் அதன் முறையான ஆட்டம் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. பின்னர் தொழில்முறை மல்யுத்த அரங்குக்குப் போய்விட்டார். அதே அகாடமியில் வளர்ந்த அம்ரித்பால் சிங் பதின்பருவத்தின் கடைசியில்தான் இவ்விளையாட்டுக்கு வந்தவர். 2017இல் சிட்னி கிங்ஸ் அணியில் இடம்பெற்றார். அந்தத் தலைமுறைதான் 2014இல் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் சீன அணியை 65-58 என்று வென்றது. ஒருவர் எதிர்பார்த்த இடத்தை எட்டவில்லை, மற்றொருவர் எதிர்பாராத இடத்தை எட்டினார். பலரை நட்டால்தான் சிலர் விளைவார்கள் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

அமெரிக்கத் தொழில்முறை அணிகள் இந்தப் பொறுமையை ஒரு சட்டமாகவே அமைத்துக்கொண்டுவிட்டன. அங்கே முந்தைய பருவத்தில் தோற்ற அணிகளுக்குத்தான் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்வாய்ப்பு. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அவ்வாறு 1983இல் ரால்ஃப் சாம்ப்சனையும் 1984இல் ஹக்கீம் ஒலஜுவானையும் முதல் ஆளாக எடுத்தது. இரட்டைக் கோபுரங்கள் என்று ஊர் கொண்டாடியது. சாம்ப்சன் காயங்களால் நலிந்தார். நைஜீரியாவின் லாகோஸில் பதினைந்து வயதில்தான் கூடைப்பந்தைத் தொட்ட ஒலஜுவான், எடுக்கப்பட்டுப் பத்தாண்டுகள் கழித்து 1994இலும் அடுத்து 1995இலும் கோப்பையைப் பெற்றுத் தந்தார். இரண்டு நெடியவர்களில் ஒருவர், அதுவும் பத்தாண்டு கழித்து: உலகின் பணக்கார அணிகளுக்கே கணக்கு இதுதான்.

நம் நாட்டு ஏற்பாடு இதற்கு நேர்மாறு. தோற்ற அணியை அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அழைக்க மாட்டார்கள். பள்ளியாக இருந்தால் காலணிக்கான பணமும் குறையும். தோல்வி அங்கே விதைநெல் தருகிறது, இங்கே விதைநெல்லையும் பிடுங்கிக்கொள்கிறது. நெடியவர்கள் இங்கே அருகியதற்கு உடற்கூற்றைவிட இந்த ஏற்பாடே பெரிய காரணம் என்பேன். 1956இல் காமராஜர் ஆட்சியிலும் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விரிவடைந்த மதிய உணவும், 2010இல் வாரத்துக்கு ஐந்தாகிய முட்டையும் அவற்றுக்குரிய வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. கல்லூரி வகுப்பில் நுழையும்போது தலைநிலையில் குனிந்து வருகிற மாணவர்களை இப்போது ஆண்டுதோறும் காண்கிறேன். கூடைப்பந்து ஆடியதுண்டா என்று கேட்டால், சின்ன வயதில் கொஞ்ச நாள் ஐயா, என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

ஏலச்செடி வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லவருவது புதிதல்ல. நாற்றங்காலில் ஓராண்டுக்கு மேல் வைத்து, பிறகு நட்டு, மூன்றாம் ஆண்டில்தான் காய் எடுக்கிறார்கள். அதுவரை வெயில் தாக்காமல் நிழல்மரம் காக்க வேண்டும். காய்ப்புக்கு வந்தபின்னும் ஒரே கொத்தில் எல்லாக் காயும் ஒன்றாக முதிர்வதில்லை. சுற்றுச் சுற்றாகப் போய், முதிர்ந்ததை மட்டும் விரலால் அறிந்து பறிக்கிறார்கள், இளங்காயை விட்டுவைக்கிறார்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் உருவி எடுக்கும் தோட்டக்காரனைப் போடி ஏல மையத்தின் விலையே திருத்திவிடும்.

அணி கட்டுகிறவர்களுக்கும் ஒரு சிறிய ஒழுங்கு போதும். பட்டியலில் பன்னிரண்டு பேர். ஆட்டம் பெரும்பாலும் எட்டொன்பது பேரோடு முடிந்துவிடுகிறது. எஞ்சிய மூன்று இடங்களை இந்த ஆண்டுக்காக இல்லாமல் மூன்றாம் ஆண்டுக்காக ஒதுக்கலாம். தாய் தந்தையர் இருவரும் நெடியவர்களா என்று விசாரித்து, பந்து நழுவுகிற அந்தப் பையனை வைத்துக்கொள்ளலாம். தோற்றாலும் வென்றாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐந்து நிமிடம் அவனை இறக்கலாம். போட்டி நடத்தும் சங்கங்கள், பதினாறு வயதுக்குட்பட்ட நெடியவர் ஒருவரைக் களமிறக்கும் அணிக்கு ஒரு தனிப் பரிசு வைக்கலாம். கூலியை இழக்கும் வீட்டுக்கு ஈடாக ஒரு மாதாந்தர உதவித்தொகையை ஏல வணிகர்கள் தரமுடியும். ஒரு பருவத்தில் அவர்கள் கையாளும் தொகையில் அது தூசு.

மதுரை-போடி ரயில்பாதை 1928இல் வந்தது. 2010இன் முடிவில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டது. 2023 ஜூனில்தான் மீண்டும் போடிக்கு ரயில் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு ரயிலுக்காகக் காத்திருந்த ஊர் இது. ஒரு பையன் வளர்ந்து முடியும்வரை காத்திருப்பது அதைவிடக் குறைந்த காலமே.