தீவகத்துக் காற்றும் வீதிப் புகையும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகச் செல்லும் வீதி குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிவடைகின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் அங்கேதான் படகேறுகின்றனர். நயினை நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் அத்துறையிலே பேருந்துகளும் வான்களும் நெருங்கி நிற்கும். படகுகளின் டீசல் எஞ்சின்கள் ஓய்வதில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவகத்துக்குக் காற்றைப் பற்றிய கவலை எதற்கு என்று வினவுவோர் உளர். அவ்வினாவுக்கு வரலாறே விடை கூறும்.

நெடுந்தீவிலே ஒல்லாந்தர் குதிரை வளர்த்த காலத்தில் வீதியின் மாசு புழுதியும் சாணமுமே. அது கண்ணுக்குத் தெரிந்த மாசு. எஞ்சின் புகையின் கொடுமையோ அதன் நுண்மையில் உள்ளது. மயிரிழையின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கேயான துகள்கள் நுரையீரலின் அடிவரை இறங்குகின்றன. அவற்றுள் மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. மூச்சு நோய் மட்டுமன்றி, மாரடைப்பும் பாரிசவாதமும் இவற்றால் நேர்கின்றன.

இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1952ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5ஆம் நாள் தொடங்கி ஐந்து நாட்கள் இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகை மூடி நின்றது. மாண்டோர் நாலாயிரவர் என முதலிற் கணித்தனர். பின்வந்த ஆய்வாளர் பன்னீராயிரம்வரை மதிப்பிட்டனர். அதன்பின்னரே, 1956இல், தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அதே காலத்தில், ஒல்லாந்திலே பிறந்து கலிபோர்னியாவிற் பணியாற்றிய ஹாகன்-ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்துக்கு மோட்டார் வண்டிகளின் புகையும் வெயிலும் சேர்ந்தே காரணம் என மெய்ப்பித்தார்.

அடுத்து எழுந்த வினா, வீதியிலிருந்து எவ்வளவு தொலைவில் வாழ்தல் நலம் என்பது. பெருவீதிகளுக்கு 500 அடிக்குள் புதிய பாடசாலைகளை அமைப்பதைக் கலிபோர்னியா 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. வீதிப் புகையின் தாக்கம் 300 முதல் 500 மீற்றர் வரை மிகுதி என 2010இல் அமெரிக்க ஆய்வுக் குழுவொன்று கண்டது. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012இல் அறிவித்தது.

இலங்கையிலும் சட்டம் உண்டு. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. தெற்கு அதிவேகப் பாதை, மதிப்பிடப்பட்ட வழியினின்று விலகி, அறிவிக்கப்படாதோரின் காணிகளூடாகச் செல்ல முற்பட்டபோது, அவர்களைக் கேளாது விட்டது முறையன்று என உயர் நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்து, இழப்பீடும் வழங்கச் செய்தது. யாழ்ப்பாணத்துக்கு இன்னும் அணித்தான பாடம் சுன்னாகத்தில் உள்ளது. அங்கே அனல்மின் நிலையத்தின் எண்ணெயால் நிலத்தடி நீர் மாசுற்ற வழக்கில், மின்னுற்பத்திக் கம்பனி 20 மில்லியன் ரூபா செலுத்த வேண்டுமென 2019இல் தீர்ப்பாயிற்று. பணம் வந்தாலும், கெட்ட நீர் பணத்தோடு திரும்பி வருவதில்லை.

ஆதலின் மதிப்பீடு கட்டடத்துக்கு முன்னே நடத்தல் வேண்டும். துறையருகே ஒரு விடுதியோ வாகனத் தரிப்பிடமோ அமைப்பதாயின், எத்தனை வண்டிகள் எவ்வளவு நேரம் எஞ்சினை நிறுத்தாது நிற்கும், அருகிலுள்ள வீடும் பாடசாலையும் எவ்வளவு தூரம், அங்கு வாழ்வோருள் குழவிகளும் கர்ப்பிணிகளும் முதியோரும் எத்தனைபேர் என்பவற்றைக் கணக்கிடல் வேண்டும். சோளகத்தில் தெற்கிலிருந்து வீசும் காற்று, வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும். ஒரு பருவத்தில் மட்டும் அளந்தவர் பாதி உண்மையையே அறிவார். எந்த அளவோடு ஒப்பிடுவது என்பதும் சிந்திக்கற்பாலது. ஒரு கன மீற்றர் காற்றில் நுண்துகளின் ஆண்டுச் சராசரி 25 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது 2008இல் இலங்கை வகுத்த எல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ 5 மைக்கிரோகிராம். சட்டத்துக்கு உட்பட்ட காற்றெல்லாம் நோயற்ற காற்றன்று.

நல்லதொரு மாற்றத்துக்கும் தீவகம் சான்றாகின்றது. தேசிய மின்வலையில் இணையாது டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் கதிரொளியாலும் காற்றாலும் மின்சாரம் அளிக்க, இந்திய நன்கொடையுடன் 2022இல் இணக்கம் காணப்பட்டு, 2024 மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அத்திட்டத்திலும் டீசல் இயந்திரம் துணையாக வைக்கப்பட்டது. ஆகவே அளந்தறியும் கடமை அதனால் நீங்கிவிடவில்லை.

நெடுந்தீவில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் அவருக்கும் இடையே கடல் கிடக்கின்றது. நகரத்தான் நோய் வந்தபின் மருந்து தேடலாம். தீவகத்தானுக்கு அந்த வசதி அரிது. வருமுன் காத்தல் பிறருக்கு அறிவுடைமை என்றால், அவனுக்கு அதுவே உயிர்ப் பாதுகாப்பு ஆகும்.