பல் முளைக்காத பிள்ளையின் கையில் மரக்கறி கொடுக்கலாமா?

மகனுக்கு எட்டு மாதம் நடந்தபோது, அரைகுறையாக அவிந்த கரட் துண்டொன்றை அவன் கையில் கொடுத்தேன். வாயில் வைத்த கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து ஓங்காளித்தான். பதறிப்போய் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். துண்டு வெளியே வந்தது, ஆனால் என் பயம் போகவில்லை. "பல்லில்லாத பிள்ளைக்குக் கட்டியாய் ஏன் குடுத்தனி?" என்று அம்மாவும் ஏசினா. பிறகு மூன்று கிழமைக்கு எல்லாவற்றையும் அரைத்தே கொடுத்தேன்.

அடுத்த கிளினிக்கில் இதைக் குடும்பநல மாதுவிடம் சொன்னேன். கரட்டை இன்னும் அவித்திருக்க வேண்டும் என்றும், விரலை விட்டதுதான் பெரிய பிழை என்றும் அவர் விளங்கப்படுத்தினார். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலால் தேடினால் அது இன்னும் உள்ளே போய் அடைத்துவிடும்.

ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் மசித்த உணவில் தொடங்கினால், எட்டு மாதமளவில் பெரும்பாலான பிள்ளைகள் கையால் எடுத்து உண்ணத் தயாராகிவிடுவார்கள். பிள்ளை சாயாமல் நிமிர்ந்து இருக்கிறதா, பொருளை எடுத்துத் தானே வாய்க்குக் கொண்டுபோகிறதா என்று பாருங்கள். பல் முளைத்திருக்க வேண்டியதில்லை. மென்மையான உணவை முரசே நசித்துவிடும்.

பூசணி, கரட், உருளைக்கிழங்கு, வற்றாளங்கிழங்கு, பீற்றூட், போஞ்சி எல்லாம் கொடுக்கலாம். தோல் சீவி, போஞ்சியில் நாரை எடுத்துவிடுங்கள். முதலில் பெரியவர்களின் சுண்டுவிரல் அளவுக்கு நீளமாக வெட்டுங்கள். சிறு பிள்ளை முழுக் கையாலும் பொத்திப் பிடிப்பதால், துண்டின் ஒரு பகுதி கைக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். ஒன்பது மாதமளவில் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பொறுக்கத் தொடங்கியதும் சிறு துண்டுகளாக்கலாம்.

இடியப்பம் அவிக்கிற பாத்திரத்திலேயே ஆவியில் அவிக்கலாம். பூசணிக்குப் பத்து நிமிடமளவு போதும், கரட்டுக்கு இருபது நிமிடம்கூடப் பிடிக்கும். நேரத்தை மட்டும் நம்பாமல், ஒரு துண்டை இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். சிரமமில்லாமல் நசிந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் மீண்டும் அடுப்பில் வையுங்கள். ஒரு வயது வரை உப்பு, சீனி, தேன் வேண்டாம். துளி தேங்காயெண்ணெய் அல்லது தேங்காய்ப்பால் சேர்த்தால், பூசணியிலும் கரட்டிலும் உள்ள விற்றமின் ஏ சத்து உடலில் நன்றாகச் சேரும். பீற்றூட் கொடுத்த மறுநாள் மலம் சிவந்தால் பயப்படாதீர்கள்.

பச்சைக் கரட், பச்சை அப்பிள், முழுத் திராட்சை, கச்சான், முறுக்கு போன்றவற்றைக் கொடுக்கவே கூடாது. பிள்ளை படுத்தபடியோ தவழ்ந்தபடியோ உண்ணக் கூடாது, பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

ஓங்காளித்தல் வேறு, தொண்டை அடைத்தல் வேறு. ஓங்காளிக்கும் பிள்ளை இருமும், சத்தமிடும், பெரும்பாலும் தானே துண்டை வெளியே தள்ளிவிடும். பொறுமையாகப் பார்த்திருங்கள். தொண்டை அடைத்த பிள்ளைக்கு அழவோ இருமவோ முடியாது, சத்தம் வராது, உதடு நீலமாகும். உடனே தலை தாழ்ந்திருக்க முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கிடையில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வெளியே வராவிட்டால் நிமிர்த்திக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரு விரல்களால் ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்யும்போதே, வேறொருவரைக் கொண்டு 1990 அம்புலன்ஸை அழைப்பியுங்கள்.

மரக்கறி மட்டும் பிள்ளைக்குப் போதாது. ஆறு மாதத்துக்குப் பின் இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுவதால், முள் நீக்கிய மீன், நன்றாக அவித்த முட்டை, ஈரல், பருப்பு என்பனவும் சாப்பாட்டில் இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளையும், அதன்பின் மூன்று நான்கு வேளையும் உணவு கொடுத்து, தாய்ப்பாலையும் தொடருங்கள்.

இதற்கென்று தனிச் சமையல் தேவையில்லை. இப்போது எங்கள் வீட்டில் பூசணிக் கறிக்கு உப்பும் தூளும் போடுமுன், பேரனுக்கென்று நாலு துண்டை எடுத்து வைப்பது அம்மாதான். ஒவ்வொன்றையும் விரலால் நசித்துப் பார்த்த பிறகே அவன் கையில் கொடுக்கிறா.