மருந்தாளுநர் கலந்து தரும் மருந்து: யாருக்குத் தேவை? எதைக் கவனிக்கணும்?

டாக்டர் சீட்டு எழுதுவார். கம்பவுண்டர் மிக்ஸ்சர் கலந்து, பாட்டிலின் பக்கவாட்டில் அளவு காட்டும் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பார். பழைய ஆட்களுக்கு இது நினைவிருக்கும். இன்று எல்லாமே ஆலையில் தயாரான மாத்திரைதான். ஆனால் நாள்பட்ட நோயாளிகள் சிலருக்கு அது ஒத்துவராது.

இதய நோயுள்ள கைக்குழந்தைக்கு எனலாப்ரில் 5 மி.கி. மாத்திரையில் பத்தில் ஒரு பங்குதான் தேவைப்படலாம். பக்கவாதம் வந்து மூக்குக் குழாயில் உணவு எடுப்பவரால் மாத்திரையை விழுங்க முடியாது. சோரியாசிஸுக்கு சாலிசிலிக் அமிலத்தை இத்தனை சதவீதம் களிம்பில் சேர்க்கணும் என்று தோல் மருத்துவர் எழுதுவார். இப்படி ஒரே ஒரு நோயாளிக்காகத் தயாரிப்பதுதான் 'காம்பவுண்டிங்'.

யார் கலக்கலாம்?

1948-ம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கும் வேலை பதிவுபெற்ற மருந்தாளுநருடையது. கடைப் பையன் கலக்கக் கூடாது.

ஆபத்து எங்கே?

ஆலை மருந்து தொகுதி தொகுதியாகச் சோதிக்கப்பட வேண்டும். கலந்து தரும் மருந்துக்கு அந்தச் சோதனை இருக்காது. மூலப்பொருள் சுத்தமாக இருந்தால்தான் மருந்து சுத்தம். 2012-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு காம்பவுண்டிங் மையம் தயாரித்த ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சோதனை கட்டாயமான ஆலையிலேயே கோட்டை விட்டால்? வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில், சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் பார்மா நிறுவனத்தின் கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பில் 48.6% டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறை 2025 அக்டோபரில் கண்டுபிடித்தது. அனுமதி 0.1% மட்டுமே. அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மாதமே நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. மருந்துத் தரமில்லாத புரொப்பிலீன் கிளைக்காலைச் சேர்த்ததும் ஆய்வில் தெரியவந்தது. கலந்து தரும் திரவ மருந்துகளிலும் இதே கரைப்பான், கிளிசரின் எல்லாம் சேரும். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்கு இதில் தப்பு நடந்தால் தாங்காது.

வீட்டில் நாமே பொடிக்கலாமா?

சர்க்கரை, பிபி மாத்திரை அட்டையில் 'எஸ்ஆர்', 'எக்ஸ்எல்' என்று இருந்தால் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டியது ஒரேயடியாக ரத்தத்தில் ஏறிவிடும். சாதாரண மாத்திரையானாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

கலந்த மருந்து வாங்கும்போது தயாரித்த தேதி, ஒரு மில்லியில் எத்தனை மி.கி., ஃப்ரிட்ஜில் வைக்கணுமா என்று லேபிளில் எழுதி வாங்குங்க. தண்ணீர் சேர்த்து, ப்ரிசர்வேடிவ் இல்லாத மருந்து ஃப்ரிட்ஜில் வைத்தாலும் பொதுவாக 14 நாள்தான். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம்.