ஊர் முழுக்க ஒரே நாளில்

காரை மண்ணின் கதை – 27

1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி முடிந்து, காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஐந்தரை மாதம் கழித்து, 1955 ஏப்ரல் 12-இல், ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி பலன் தருகிறது என்ற அறிவிப்பு அமெரிக்காவில் வெளியானது. பிரான்ஸ் அந்தத் தடுப்பூசியைத் தன் குழந்தைகளுக்குக் கட்டாயமாக்கியது 1964-இல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே சட்டப்படியும் நாம் இந்தியாவோடு சேர்ந்துவிட்டோம். ஆகவே, இளம்பிள்ளை வாதத்துக்கு நம் பிள்ளைகள் பெற்ற தடுப்பு மருந்தின் கதையை பாரிஸில் தேட வேண்டாம். வேலூரில் தேட வேண்டும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வைரஸ் ஆய்வாளர் டாக்டர் டி.ஜேக்கப் ஜான், மூன்று தவணை சொட்டு மருந்து குடித்த குழந்தைகளுக்கும் போலியோ வருவதைக் கண்டார். மேலை நாடுகளில் போதுமாக இருந்த தவணை இங்கே போதவில்லை. கூடுதல் தவணை வேண்டும். அதையும் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்ந்தாற்போல் கொடுக்க வேண்டும் என்றார். 1980-களில் வேலூர் நகரில் அப்படிக் கொடுத்தும் காட்டினார்கள், நோய் அடங்கியது.

ஏன் சேர்ந்தாற்போல்? போலியோ கிருமி மலத்தோடு வெளியேறி, தண்ணீர் வழியாகவும் கை வழியாகவும் பரவுவது. சுமார் 200 பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் கால் விளங்காமல் போகும். மற்றவர்கள் நோயென்றே தெரியாமல் கிருமியைப் பரப்புவார்கள். வெள்ளம் வரும்போது ஒரு மடையை மட்டும் அடைத்து வயலைக் காக்க முடியுமா?

காரைக்காலுக்கு இது இன்னும் பொருந்தும். வடக்கே பூவம் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர். நம் தலைநகரான புதுச்சேரியோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். திருநள்ளாறு கோயிலுக்கும் நாகூர் தர்காவுக்கும் கைக்குழந்தையோடு வருகிறவர்கள் எந்த மாநிலத்துக்காரர்கள் என்று கிருமி பார்க்காது. நாம் மட்டும் ஒரு நாளில் கொடுத்து, சுற்றியுள்ள ஊர்கள் வேறொரு நாளில் கொடுத்தால் பலன் பாதிதான்.

1995 டிசம்பர் 9, 1996 ஜனவரி 20 ஆகிய இரு நாட்களில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நாடு முழுவதும் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வயது வரம்பு ஐந்தாக உயர்ந்தது. நம் ஊர் எல்லை அந்த நாட்களில் மருந்துக்கும் இல்லாமல் போனது.

முகாமில் மருந்துக் குப்பியைக் கவனித்துப் பாருங்கள். ஊதா வட்டத்துக்குள் வெளிறிய சிறு சதுரம் இருக்கும். வெயில் பட்டுச் சூடேறினால் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைக் கழித்துவிடுவார்கள். ஐஸ் பெட்டியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக நடக்கும் ஊழியர்கள் நாள் முழுக்கக் காப்பது அந்த வெளுப்பைத்தான். சொட்டு விட்டதும் இடக்கைச் சுண்டுவிரலில் மை. மை இல்லாத விரலைத் தேடி மறுநாள் முதல் வீடு வீடாக வருவார்கள்.

தமிழ்நாட்டில் கடைசி போலியோ நோயாளி 2004-இல். இந்தியாவில், 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச் 27-இல் போலியோ ஒழிந்ததாக நமக்குச் சான்று கிடைத்தது.

ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் கிருமி இன்னும் இருக்கிறது. 'நோய்தான் போய்விட்டதே, இனி எதற்கு?' என்று கேட்கும் இளம் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: நோய் தானாகப் போகவில்லை, உங்களைப் பெற்றவர்கள் வரிசையில் நின்று விரட்டினார்கள். உங்கள் பிள்ளைக்கு ஒரு தவணையும் தவறவிடாதீர்கள்.

(தொடரும்)