94 நிஷ்கமும் ஒன்றரை வட்டியும்

பாஸ்கராச்சாரியர் 1150-இல் எழுதிய லீலாவதியில் ஒரு வட்டிக் கணக்கு வருகிறது. 94 நிஷ்க நாணயங்களை மூன்று பங்காக்கி, நூற்றுக்கு மாதம் 5, 3, 4 என்று வட்டிக்கு விட்டார்கள். முறையே 7, 10, 5 மாதங்களில் மூன்றும் ஒரே அளவு வட்டி தந்தன. பங்குகள் எவ்வளவு?

நூறு நிஷ்கத்துக்கு முதல் பங்கில் 35, அடுத்ததில் 30, கடைசியில் 20 கிடைக்கும். வட்டி சமமாக வேண்டுமானால் அதிகம் ஈட்டுகிற பங்கு சின்னதாக இருக்க வேண்டும். பாஸ்கரர் 94-ஐத் தலைகீழ் விகிதத்தில் பிரித்தார்: 24, 28, 42. சமன்பாடே தேவைப்படவில்லை. தெரியாத அளவுகளுக்கு யாவத்தாவத், காலகம், நீலகம் என்று பெயர் வைத்து ஆடும் ஆட்டத்தை அவர் பீஜகணிதம் என்ற தம் இன்னொரு நூலுக்கு ஒதுக்கிவிட்டார்.

இந்தக் கணக்கு தெற்கே கேரளத்துக்கு வந்தது; 16-ஆம் நூற்றாண்டில் சங்கர வாரியர் லீலாவதிக்குக் கிரியாக்ரமகரீ என்ற உரை எழுதினார். 1817-இல் கோல்புரூக்கின் மொழிபெயர்ப்பில் லண்டன் போய்ச் சேர்ந்தது. இந்தக் கணக்கின் உறவுக்காரர்கள் இன்று நம் பத்தாம் வகுப்பில் எக்ஸ், ஒய், இசட் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாஸ்கரரின் மாத வட்டி மட்டும் பாடப்புத்தகத்தில் ஆண்டு வட்டியாகிவிட்டது.

நாஞ்சில் நாட்டுக் கடைத்தெருவில் மாத வட்டி மாறவில்லை. 28 சக்கரம் ஒரு ரூபாயாக இருந்த திருவிதாங்கூர் நாணயம் போய்விட்டது. ஆனால் வடசேரியில் ‘ஒன்றரை வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய், ஆண்டுக்கு 18.

ஒருவர் ஒரு லட்சத்தில் ஒரு பகுதியை 7 சதவீதத்துக்கு பாங்கில் போட்டார், மீதியைத் தெரிந்தவருக்கு ஒன்றரை வட்டிக்குக் கொடுத்தார் என்று வைப்போம். ஆண்டு முடிவில் வந்த வட்டி 11,400. முழுவதும் பாங்கில் இருந்திருந்தால் 7,000தான். கூடுதல் 4,400, வெளியே போன ஒவ்வொரு நூறும் 11 ரூபாய் அதிகம் தந்ததால் வந்தது. அப்படியானால் வெளியே 40,000, பாங்கில் 60,000. மளிகைக்கடைக்காரர் வாயாலேயே போட்டுவிடுவார்.

பள்ளிப் பிள்ளை ஒன்றரையை ஆண்டு வட்டியாக எடுத்துக்கொண்டு ஒருங்கமை சமன்பாடுகளைப் பிழையில்லாமல் தீர்த்தால், வெளியே கொடுத்தது கழித்தல் 80,000 என்று வரும். அதாவது ஆண்டுக்கு ஒன்றரை சதவீதத்தில் 80,000 கடன் வாங்கி, அதையும் சேர்த்து பாங்கில் போட்டிருக்கிறார். அந்த வட்டிக்குக் கடன் கொடுக்கிற ஆள் ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை கிடையாது.