'மக்கு' என்று முத்திரை குத்தியது யார்?

"இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது!" சிம்பாங் அம்பாட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த வசை புதிதல்ல. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய், துரை வாயில் ஆங்கிலம். இவற்றுக்கிடையே வளர்ந்த பிள்ளை வகுப்பில் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் போதும், 'மக்கு' என்று பெயர் வைத்து விடுவார்கள். அறிவை அப்படிக் கண்ணால் பார்த்தே அளந்துவிட முடியுமா? உளவியல் ஓர் அறிவியலாக வளர்ந்த கதையில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு.

மனத்தைப் பற்றிச் சித்தர்கள் நிறையவே பாடியிருக்கிறார்கள். அதைச் சோதனைக்கூடத்துக்குள் கொண்டு வந்தவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் வுண்ட். 1879இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் அமைத்த கூடத்தில், ஓசை கேட்ட ஒருவர் கையை அசைக்க எத்தனை நேரம் பிடிக்கிறது என்று நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்தார்கள். அற்ப வேலைபோலத் தோன்றும். ஆனால் ஒருவர் அளந்ததை இன்னொருவர் மீண்டும் அளந்து சரிபார்க்கலாம் அல்லவா? தத்துவத்திலிருந்து உளவியல் தனிக்குடித்தனம் போனது அங்கேதான்.

அந்த லைப்சிக் வித்தை இந்தியாவுக்கு இரண்டு வழிகளில் வந்தது. வுண்டின் மாணவர் மூன்ஸ்டர்பெர்க்கிடம் அமெரிக்காவில் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா, 1916இல் கல்கத்தா பல்கலைக்கழக உளவியல் துறையை நடத்தத் தொடங்கினார். வுண்டின் இன்னொரு மாணவரான ஸ்பியர்மனிடம் லண்டனில் பயின்ற எம்.வி. கோபாலசுவாமி, 1924இல் மைசூர் பல்கலைக்கழகத்தில் அத்துறையைத் தொடங்கினார். இந்தக் கோபாலசுவாமி சுவாரஸ்யமான மனிதர். 1935இல் மைசூரில் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் நடத்தினார். அதன் பெயர் 'ஆகாஷ்வாணி'. பிற்காலத்தில் அகில இந்திய வானொலிக்கே அந்தப் பெயர் வந்து சேர்ந்தது!

இனி, மக்குப் பிள்ளைக்கு வருவோம். 1905இல் பாரிஸில் ஆல்பிரட் பினே, சிமோன் என்ற மருத்துவருடன் சேர்ந்து ஓர் அறிவுச் சோதனையைத் தயாரித்தார். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து கைகொடுப்பதே நோக்கம். அறிவு மாறாதது என்று சொன்னவர்களை அவர் கடுமையாகச் சாடினார். அவர் 1911இல் மறைந்தார். அவருடைய சோதனையோ கடல் தாண்டி வேறு வேலைக்குப் போயிற்று. 1913இல் நியூயார்க் துறைமுகத்தில், கப்பலில் களைத்து வந்திறங்கிய குடியேறிகளிடம் ஹென்றி காடர்டின் குழுவினர் மொழிபெயர்ப்பாளரை வைத்து அதை நடத்தினார்கள். சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மந்தபுத்திக்காரர் என்று முடிவு வந்தது. கோளாறு பயணிகளிடமா, சோதனையிலா?

இந்தியாவில் வி.வி. காமத் வேறு வழியில் போனார். பினே சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்றபடி மாற்றியமைத்து, அந்த வேலையை 1940இல் நூலாக வெளியிட்டார். சொற்களைப் பெயர்ப்பதோடு இது முடிவதில்லை. பாரிஸ் சிறுவன் அன்றாடம் பார்க்கும் பொருளை நம் ஊர்ப் பிள்ளை கண்டிருக்கவே மாட்டான். எந்த வயதுப் பிள்ளைக்கு எந்தக் கேள்வி எளிது என்பதை உள்ளூர்ப் பிள்ளைகளிடமே புதிதாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் இத்துறை தாமதமாகவே வேர் பிடித்தது. தேசியப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1979இல்தான் அமைந்தது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலர், இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து வந்தார்கள். தமிழில் கணக்கைச் சட்டென்று போட்ட பிள்ளையும் அங்கே இருந்தான். அவனுக்குக் குறைவாக இருந்தது மலாய் மட்டும்தான். ஊரில் அவனுக்குக் கிடைத்த பெயரோ 'மக்கு'.